விருந்தில் பிறந்த சங்கம்

சங்கம் என்ற சொல் காதில் விழுந்தவுடன் தமிழர்க்கு மதுரை நினைவுக்கு வரும். புலவர் கூடியிருந்து பாட்டுக் கேட்டதும், கேட்டதை ஆராய்ந்ததும் நம் மரபில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருபவை. நம் பழங்கல்வி பெரிதும் செவிவழிக் கல்வியே. ஆசிரியரிடம் ஒருவன் படித்தான் என்பதைப் ‘பாடம் கேட்டான்’ என்றே இன்றும் சொல்கிறோம். திருவள்ளுவர் கேள்விக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். இத்தகைய மொழியில் பிறந்து வளர்ந்த நமக்கு, செவியால் ஒரு சொல்லும் கேளாத மக்கள் தாமே கூடிச் சங்கம் அமைத்தனர், மாநாடு நடத்தினர், செய்தித்தாள் வெளியிட்டனர் என்பது முதலில் வியப்பாகவே தோன்றும். ஆனால் கேள்வியைப் போற்றிய அதே வள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்னும் தலைப்பைப் பொருட்பாலில் ஒருமுறையும் காமத்துப்பாலில் ஒருமுறையும் வைத்தார். வாய் பேசாதபோதும் ஒருவர் உள்ளத்தை மற்றொருவர் அறிய வழியுண்டு என்பது நம் முன்னோர் அறியாததன்று.

கி.பி. 1834ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் பாரிஸ் மாநகரின் உணவகம் ஒன்றில் ஒரு விருந்து நடந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட ஆடவர் மேசைகளைச் சூழ்ந்து அமர்ந்திருந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் காது கேளாதவர். உண்டு முடித்தபின் ஒருவர்பின் ஒருவராக எழுந்து வாழ்த்துரை வழங்கினர். வாழ்த்து வாயினின்று வரவில்லை, கையினின்று வந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் இவ்விருந்து தொடர்ந்தது. காது கேட்கும் பெருமக்களும் பத்திரிகைக்காரரும் அழைக்கப்பட்டனர். அவ்வறையில் அவர்கள்தாம் மொழி தெரியாத அயலார்! யாராவது மொழிபெயர்த்துச் சொன்னாலன்றி அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெளியுலகில் நாள்தோறும் தாம் படும் பாட்டை ஓர் இரவுக்கேனும் பிறர் உணருமாறு செய்தது அவ்விருந்து. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நெடுங்காலம் அங்கே பெண்களுக்கு இடமில்லை. தமக்கு உரிமை வேண்டும் என்று கூடியவர்களும் தம் இனத்துப் பெண்களை வெளியில் நிறுத்தியே கூடினார்கள்.

அவ்விருந்து யார் பொருட்டு? அதை அறிய எழுபது ஆண்டுகள் பின்னே செல்ல வேண்டும். வெர்சாய் நகரில் 1712ஆம் ஆண்டு பிறந்த டெ லெப்பே என்ற பாதிரியார், பாரிசில் ஒரு வீட்டிற்குச் சென்றபோது இரண்டு பெண்கள் தையல் வேலை செய்துகொண்டிருக்கக் கண்டார். இவர் பேசினார், அவர்கள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. தாய் வந்து, இருவரும் காது கேளாத இரட்டையர் என்று கூறிய பின்னரே உண்மை விளங்கிற்று. பாதிரியார் அவர்களுக்குக் கற்பிக்க முன்வந்தார். 1760ஆம் ஆண்டளவில் தம் வீட்டையே பள்ளியாக்கினார். ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகள் வந்தனர். கையசைவுகளைக் கொண்டே அவர்களுக்குப் பிரெஞ்சு எழுத்தையும் இலக்கணத்தையும் கற்பித்தார். 1776இல் தம் முறையை விளக்கி நூலும் வெளியிட்டார். அவர் 1789ஆம் ஆண்டின் இறுதியில் இறந்தார். பிரெஞ்சுப் புரட்சி தொடங்கிய ஆண்டு அது. 1791இல் அவர் பள்ளியை நாட்டின் பொதுப் பள்ளியாகப் புரட்சி அரசு ஏற்றுக்கொண்டது. நவம்பர்த் திங்களில் வரும் அவருடைய பிறந்த நாளை ஒட்டியே மேற்கண்ட விருந்து நடந்தது.

சைகை மொழியை இப்பாதிரியாரே படைத்தார் என்று எழுதுவோர் உளர். அது பிழை. பாரிசில் புத்தகம் கட்டும் தொழில் செய்த பியேர் டெலோஜ் என்பவர் 1779இல் ஒரு சிறு நூல் எழுதி அச்சிட்டார். ஏழு வயதளவில் அம்மை நோயால் செவியை இழந்தவர் அவர். காது கேளாத ஒருவர் எழுதி அச்சேறிய நூல்களில் முதலாவது அதுவே என்பர். தமக்குச் சைகை கற்பித்தவர் ஒரு நடிகரின் வீட்டு வேலையாளான இத்தாலியர் என்றும், அவரும் காது கேளாதவர், எழுத்தறிவில்லாதவர் என்றும் டெலோஜ் கூறுகிறார். பாரிஸ் நகரத்துக் காது கேளாத தொழிலாளர்கள் எந்தப் பள்ளிக்கும் போகாமலே தமக்குள் எதைப் பற்றியும் உரையாடி வந்தனர் என்பது அவர் தரும் சான்று. ஆகவே பாதிரியார் செய்தது மொழியைப் படைத்ததன்று. மக்கள் கையில் ஏற்கெனவே இருந்த மொழியைக் கல்விக்கூடத்தின் உள்ளே வரவிட்டதே. இலக்கண ஆசிரியர் மொழியைச் செய்தார் என்று நாம் சொல்வதில்லை அல்லவா? தொல்காப்பியர்க்கு முன்னரும் தமிழ் இருந்தது.

லெப்பேக்குப் பின் சிக்கார் என்ற பாதிரியார் பள்ளியின் தலைவரானார். 1792இல் புரட்சிக்காரர் அவரைச் சிறையிட்டபோது, அவருடைய மாணவர் ஜான் மாசியு எழுதிக் கொண்டு சென்ற விண்ணப்பம் சட்டமன்றத்தில் படிக்கப்பட்டது. சிக்கார் உயிர் தப்பினார். மாசியுவும் அவருடைய மாணவர் லோரான் கிளேரும் பின்னர் அப்பள்ளியிலேயே ஆசிரியராயினர். கேட்பவர் கற்பிக்கக் கேளாதவர் கற்ற நிலை மாறி, கேளாதவரே கேளாதவர்க்கு ஆசிரியரான காலம் அது. அமெரிக்காவிலிருந்து கற்பிக்கும் முறை தேடி வந்த தாமஸ் காலடெட் என்ற இளைஞருடன் கிளேர் 1816இல் கப்பலேறினார். ஐம்பத்திரண்டு நாள் கடற்பயணம். வழியில் காலடெட் கிளேரிடம் சைகையும், கிளேர் காலடெட்டிடம் ஆங்கிலமும் கற்றனர். 1817 ஏப்ரல் 15இல் ஹார்ட்போர்டு நகரில் அவர்கள் பள்ளி திறக்கப்பட்டது. இன்றைய அமெரிக்கச் சைகை மொழியில் பிரெஞ்சுச் சைகையின் சாயல் மிகுந்திருப்பதற்குக் காரணம் இதுவே. ஆங்கிலம் பேசும் இங்கிலாந்தின் சைகை மொழியோ அதனின்றும் முற்றிலும் வேறு. வாய்மொழியின் உறவு வேறு, கைமொழியின் உறவு வேறு என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

இனி விருந்துக்கு வருவோம். அதனை முன்நின்று நடத்தியவர் பெர்டினான் பெர்த்தியே. 1803இல் பிரெஞ்சு நாட்டின் கிழக்குப் பகுதியில் பிறந்தவர். இளமையிலேயே பாரிஸ் பள்ளிக்கு மாணவராக வந்து, அங்கேயே பேராசிரியரானவர். நூல்கள் பல எழுதியவர். 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் அப்பள்ளியின் நிருவாகத்தில் ஒரு புதிய போக்குத் தலைதூக்கியது. பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சுப் பயிற்சியே முதன்மை என்றும், சைகை குறைய வேண்டும் என்றும் மேலிருந்தோர் கருதலாயினர். அப்படியானால் காது கேளாத ஆசிரியருக்கு அங்கே என்ன வேலை? பெர்த்தியேயின் கவலை வெறும் உணர்ச்சியன்று. ஒரு மொழியின் கவலை, ஓர் ஆசிரியர் கூட்டத்தின் பிழைப்பு, இரண்டும் அதில் கலந்திருந்தன. பள்ளிக்குள் வாதாடிப் பயனில்லை என்று கண்டவர்கள் பள்ளிக்கு வெளியே கூடத் தலைப்பட்டனர்.

அக்காலத்துப் பிரெஞ்சு நாட்டில் விருந்து என்பது உண்டியோடு நில்லாத ஒன்று. இருபது பேருக்கு மேற்பட்ட சங்கங்கள் அரசின் இசைவு பெற்றாக வேண்டும் என்ற சட்டம் 1834இல் மேலும் இறுக்கப்பட்டது. விருந்துக்கு மேசையில் அமர்வோரை எந்தக் காவலர் கலைப்பார்? 1847இலும் 1848இலும் எதிர்க்கட்சியார் நடத்திய விருந்துகளே லூயி பிலிப் மன்னரின் ஆட்சியைக் கவிழ்த்த புரட்சிக்குத் தீப்பொறியாயின என்பதை வரலாறு படித்தோர் அறிவர். பெர்த்தியேயின் விருந்தோ ஆட்சியைக் கவிழ்க்க எழுந்ததன்று. ஆயினும் அதில் அரசியல் இல்லை என்று சொல்லவும் முடியாது. 1838இல் அவ்விருந்துக் குழுவிலிருந்து பாரிஸ் காது கேளாதோர் நடுவண் சங்கம் பிறந்தது. காது கேளாதவர்கள் தமக்காகத் தாமே அமைத்துக்கொண்ட முதற் சங்கம் என்று அதனைக் கூறுவர். வேலையற்றோர்க்கு வேலை, வழக்கு மன்றத்தில் மொழிபெயர்ப்பு, முதியோர்க்கு உதவி, தொழிலாளர்க்கு மாலைநேரக் கல்வி ஆகியவற்றில் அதன் கவனம் சென்றது. 1848இல் ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தபோது பெர்த்தியே மக்களவைத் தேர்தலில் நின்றார், வெற்றி பெறவில்லை. மறு ஆண்டில் நாட்டின் உயர்ந்த விருதான லெஜியன் டி ஆனர் அவருக்கு வழங்கப்பட்டது. காது கேளாதவருள் அதனைப் பெற்ற முதல்வர் அவர்.

இங்கே நம் மண்ணின் நிகழ்ச்சியொன்று நினைவுக்கு வருகிறது. 1952இல் கோ. சாரங்கபாணி அவர்கள் சிங்கப்பூரில் தமிழர் திருநாளைத் தொடங்கினார். சாதியாலும் சமயத்தாலும் ஊராலும் சிதறிக் கிடந்த தமிழரை ஆண்டில் ஒரு நாளேனும் மொழியின் பெயரால் ஒன்றுகூட்டுவது அதன் நோக்கம். பெர்த்தியே செய்ததும் அதுவே. காது கேளாத பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோர்க்கே பிறக்கின்றனர். தாய்மொழி தாயிடமிருந்து வாராத மக்கள் அவர்கள். தம்மைப் போன்றவரைக் கூட்டத்தில்தான் முதன்முதல் காண்கிறார்கள். ஆகவே மற்றவர்க்கு விழா என்பது ஓய்வுநாள். அவர்களுக்கோ அதுவே ஊர்.

செய்தி பரவிய வகையும் கருதத்தக்கது. அமெரிக்காவில் வடகரோலினாப் பள்ளி 1849இல் ஒரு தாளை வெளியிடத் தொடங்கியது. பிற பள்ளிகளும் அவ்வாறே செய்தன. இத்தாள்கள் ஒன்றுக்கொன்று அனுப்பப்பட்டு, ஓரிடத்துச் செய்தி மற்றோரிடத்தில் மறுபதிப்பாகும். யார் எங்கே மணந்தார், எந்த அச்சகத்தில் ஆள் தேவை, எந்தச் சங்கம் எந்நாளில் கூடுகிறது என்பன போன்ற செய்திகளே பெரும்பாலும். ‘சிறு தாள்களின் குடும்பம்’ என்று இவற்றை அழைத்தனர். பள்ளிகளில் அச்சுத் தொழில் கற்பிக்கப்பட்டமையால் காது கேளாதவர் பலர் அச்சுக்கோப்பவராயினர். பிறர் செவியைத் துளைக்கும் எந்திர ஓசை அவர்களுக்கு இடையூறாகவில்லை. பின்னாளில் தொலைபேசி வந்தது, வானொலி வந்தது. கேட்கும் உலகம் ஒன்றோடொன்று நெருங்கியது. கேளாதவர்க்கோ அதே தாளும் அதே கூட்ட அறையுமே மிஞ்சின. தட்டச்சு எழுத்தைத் தொலைபேசிக் கம்பிவழி அனுப்பும் கருவியை, காது கேளாத இயற்பியலார் ராபர்ட் வைட்பிரெக்ட் 1964இல்தான் அமைத்துக் காட்டினார். தொலைபேசி தோன்றி அதற்குள் எண்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன.

காது கேளாதோர் வரலாற்றில் 1880ஆம் ஆண்டு மறக்க முடியாதது. அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் காது கேளாதோர் பல மாநிலங்களிலிருந்து வந்து கூடித் தேசியச் சங்கம் ஒன்றை நிறுவினர். சில நாள்களுக்குள், செப்டம்பர் 6 முதல் 11 வரை, இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விபற்றிய அனைத்துலக மாநாடு கூடியது. முன்னது அவர்கள் நடத்தியது. பின்னது அவர்களைப் பற்றிப் பிறர் நடத்தியது. எது உலகை மாற்றியது என்று கேட்டால், வருத்தத்தோடு பின்னதையே சொல்ல வேண்டும்.

மிலானில் கூடியவர் 164 பேர். அவர்களுள் இத்தாலியரும் பிரெஞ்சுக்காரருமே 140 பேருக்குமேல். மாநாட்டை ஏற்பாடு செய்தோர் வாய்ப்பேச்சு முறையில் முன்னரே உறுதிகொண்ட குழுவினர். தலைமை வகித்த தார்ரா பாதிரியாரும் அக்கொள்கையினரே. மிலான் பள்ளி மாணவரைக் கொண்டு நாள்தோறும் காட்சிகள் நடந்தன. பிள்ளைகள் கேள்விகளுக்கு வாயால் விடை கூறினர். பார்த்தவர் மயங்கினர். அமெரிக்காவிலிருந்து வந்தவர் ஐவர். அவர்களுள் ஜேம்ஸ் டெனிசன் என்ற பள்ளித் தலைவர் காது கேளாதவர். அவரைப் போன்றோர் அம்மன்றத்தில் மிக அரியர். வாய்ப்பேச்சு சைகையினும் ஐயத்திற்கிடமின்றி உயர்ந்தது என்ற தீர்மானம் வாக்குக்கு விடப்பட்டபோது ஆதரித்தோர் 160, எதிர்த்தோர் 4. ‘பேச்சு வாழ்க’ என்ற முழக்கத்தோடு மாநாடு கலைந்தது.

அக்கொள்கைக்கு மூலவர் ஒருவர் முன்னரே இருந்தார். 1778இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பள்ளி தொடங்கிய சாமுவேல் ஹைனிக்கே, பேச்சின்றிச் சிந்தனை முழுமையடையாது என்று கருதியவர். லெப்பேயோடு கடிதப் போர் நடத்தியவரும் அவரே. ஒருவர் உதடசைவை மற்றவர் பார்த்துப் பொருளறிவதும், குரல்வளையைத் தொட்டு ஒலியைப் பழகுவதும் அம்முறையின் கூறுகள். அம்முறையால் பயனே இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. பேசக் கற்றபின் செவியிழந்த பிள்ளைக்கும், சிறிதேனும் கேட்கும் பிள்ளைக்கும் அது பெரிதும் உதவியது. பேச்சைக் கற்பித்தது குற்றமன்று. கையைக் கட்டியதே குற்றம். பிறவியிலேயே கேளாத பிள்ளை, ஓர் ஒலியைச் சரியாக எழுப்ப மாதக்கணக்கில் முயல, அதற்குள் வரலாறும் கணக்கும் கற்கும் காலம் கழிந்தது. பகரமும் மகரமும் உதட்டில் ஒரே தோற்றமுடையவை என்பதைத் தமிழாசிரியர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டும் இதழியைந்து பிறப்பவை. ‘படம்’, ‘மடம்’ என்ற இரு சொற்களையும் கண்ணாடிமுன் ஒலியின்றிச் சொல்லிப் பார்ப்பவர், உதட்டைப் படித்தே கல்வி கற்பதன் அருமையைத் தாமே உணர்வர்.

மிலானுக்குப் பின் ஐரோப்பியப் பள்ளிகளில் சைகை விலக்கப்பட்டது. காது கேளாத ஆசிரியர்கள் வகுப்பறையினின்றும் படிப்படியாக நீக்கப்பட்டனர். அமெரிக்காவில் ஒருகாலத்தில் இப்பள்ளி ஆசிரியருள் ஏறத்தாழ ஐந்தில் இருவர் காது கேளாதவர். முதல் உலகப் போர்க்காலத்தில் அவர்கள் ஐந்தில் ஒருவர்க்கும் குறைந்துவிட்டனர். பெர்த்தியே அரை நூற்றாண்டுக்கு முன் அஞ்சியது நடந்தேவிட்டது. அவர் 1886இல் இறந்தார். மிலான் செய்தியைக் கண்டுவிட்டே இறந்தார்.

சங்கங்களையே குறிவைத்தவரும் உண்டு. தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் தாயும் மனைவியும் காது கேளாதவர்கள். அவரே காது கேளாதோர்க்கு ஆசிரியராக இருந்தவர். அன்பில்லாதவர் என்று அவரைக் கூற முடியாது. அப்படிப்பட்டவர் 1883இல் அறிவியற் கழகத்தில் ஓர் ஆய்வுரை படித்தார். காது கேளாதோர் தம்முள் மணந்துகொண்டால் காது கேளாத மனித வகையே தோன்றிவிடும் என்பது அவர் அச்சம். அதற்குக் காரணமாக அவர் எவற்றைச் சுட்டினார்? தனிப்பள்ளிகள், சைகை மொழி, சங்கங்கள், மாநாடுகள், அவர்கள் நடத்தும் செய்தித்தாள்கள்! ஒரு மக்கட் கூட்டத்துக்கு உயிர்ப்பாக இருந்தவை அனைத்தும் பெல்லின் பட்டியலில் நோய்க்கு வித்தாகத் தோன்றின. மரபியலும் அவர் அச்சத்துக்குத் துணை நிற்கவில்லை. அத்தகைய மணங்களில் பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் காது கேட்பவரே.

சங்கங்கள் அழியவில்லை. 1889இல் காது கேளாதோர் பாரிசில் தம் அனைத்துலக மாநாட்டைக் கூட்டினர். இங்கிலாந்தில் பிரான்சிஸ் மாகின் என்பவரின் முயற்சியால் 1890இல் பிரித்தானியச் சங்கம் தோன்றியது. 1900இல் பாரிசில் நடந்த மாநாட்டில் கேட்போர் ஒருபுறமும் கேளாதோர் ஒருபுறமுமாகத் தனித்தனியே அமர்ந்தனர். முன்னவர் மிலானை உறுதிசெய்ய, பின்னவர் பேச்சும் சைகையும் கலந்த முறையே வேண்டும் என்றனர். ஒரே கூரையின்கீழ் இரண்டு தீர்ப்புகள். அமெரிக்கத் தேசியச் சங்கத் தலைவராயிருந்த ஜார்ஜ் வெடிட்ஸ், சைகை மொழி மறைந்துவிடும் என்று அஞ்சி, 5,000 டாலர் நிதி திரட்டத் தூண்டினார். அந்நிதியைக் கொண்டு, சிறந்த சைகைப் பேச்சாளரை அப்போது புதிதாக வந்திருந்த சினிமாப் படத்தில் பிடித்துவைத்தனர். அவரே 1913இல் நின்று பேசிய படம் இன்றும் உள்ளது. 2010இல் அமெரிக்க நூலகம் அதனைத் தேசியப் படத் தொகுப்பில் சேர்த்தது. நம் முன்னோர் ஓலைச் சுவடியைத் தேடிப் பதிப்பித்த ஆண்டுகளும் ஏறக்குறைய இவையே. அழிவுக்கு அஞ்சிய உள்ளங்கள் எங்கும் ஒரே வகையாகவே இயங்கியுள்ளன.

1924இல் பாரிசில் ஒன்பது நாட்டினர் கலந்துகொண்ட மௌன விளையாட்டு விழா நடந்தது. அதுவே பின்னர்க் காது கேளாதோர் ஒலிம்பிக்காக வளர்ந்து, 2009இல் தைப்பே நகரில் முதன்முறையாக ஆசியாவுக்கு வந்தது. 1951 செப்டம்பர் 23இல் ரோம் நகரில் 25 நாட்டுப் பேராளர் கூடி உலகக் காது கேளாதோர் சம்மேளனத்தை அமைத்தனர். அதன் நினைவாகவே 1958 முதல் செப்டம்பர் இறுதியில் காது கேளாதோர் வாரம் கொண்டாடப்படுகிறது. அந்த 23ஆம் நாளை உலகச் சைகை மொழிகள் நாளாக ஐக்கிய நாட்டுப் பேரவை 2017இல் அறிவித்தது.

நம் பக்கத்துச் செய்தி இனிச் சொல்ல வேண்டும். பம்பாயில் 1880களின் நடுவிலும், கல்கத்தாவில் 1893இலும் காது கேளாதோர் பள்ளிகள் தோன்றின. தமிழ் மண்ணில், பாளையங்கோட்டையில், புளோரன்ஸ் சுவெயின்சன் அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நடக்கிறது. இலங்கையில் 1912இல் மேரி சாப்மன் அம்மையார் பள்ளி நிறுவினார். இவையெல்லாம் பிறர் தொடங்கியவை. காது கேளாதவர்களே சங்கமாக எழுந்தது பின்னர். அனைத்திந்தியக் காது கேளாதோர் சம்மேளனம் 1955இல் அமைந்தது.

அதே 1955இல் சிங்கப்பூரில் காது கேளாதோர் சங்கம் தோன்றியது. அதற்கு முன்னோடியாக நின்றவர் பெங் சூ யிங். 1926இல் ஷாங்காயில் பிறந்து, சிறு வயதிலேயே செவியிழந்து, சைகை வழியே கல்வி கற்று, 1940களின் இறுதியில் சிங்கப்பூர் வந்தவர். இங்கே தம்மைப் போன்ற பிள்ளைகளுக்குச் சைகைவழிப் பள்ளி ஒன்றும் இல்லாததைக் கண்டு வீட்டிலேயே சிலருக்குக் கற்பித்தார். 1954இல், தம்மைப் போலவே காது கேளாத தம் மனைவியாருடன் சேர்ந்து சீனச் சைகைப் பள்ளியை நிறுவினார். அவர் கொண்டுவந்தது ஷாங்காய்ச் சைகை. மறுபுறம் செஞ்சிலுவைச் சங்கத்தாரின் முயற்சியில் ஆங்கிலவழி வாய்ப்பேச்சு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. 1963இல் மவுண்ட்பேட்டன் சாலையில் இரண்டும் ஒரே பள்ளியின் இரு பிரிவுகளாயின. லெப்பேயும் ஹைனிக்கேயும் ஒரு மதிலுக்குள் வந்து அமர்ந்ததுபோல! பெங் ஆசிரியர் மட்டுமல்லர். கார்ப் பந்தயங்களில் பரிசுகள் பல வென்றவர். எந்திரம் ஓடும் நிலையை அதன் ஒலியைக் கேட்டே அறிய வேண்டும் என்பார்க்கு அவருடைய வெற்றிகளே விடை. அவர் 2018இல் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டு, மாணவர் தொகை குறைந்தமையால், மவுண்ட்பேட்டன் சாலைப் பள்ளி மூடப்பட்டது. 2018 முதல் மேபிளவர் தொடக்கப்பள்ளியில், கேட்கும் பிள்ளைகளோடு சைகை மொழிப் பிள்ளைகளும் படிக்க வகை செய்யப்பட்டது.

சிங்கப்பூர்ச் சங்கம் தோன்றியபோது அதன் பெயரில் ‘ஊமை’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் இருந்தது. பிரித்தானியச் சங்கமும் 1971 வரை அச்சொல்லைச் சுமந்தது. காது கேளாதவருக்குக் குரல் உண்டு, பேச்சைக் கேளாமையால் பேச்சு எழவில்லை, அவ்வளவே. தமிழிலும் ‘ஊமை’, ‘செவிட்டூமை’ என்ற சொற்களை நம் பாடநூல்களும் பழமொழிகளும் தாராளமாக வழங்கி வந்துள்ளன. வகுப்பில் அவற்றைச் சொல்லும்போது, கேட்கக் கூடாதவர் யாரும் கேட்கவில்லை என்ற துணிவே நமக்கு இருந்தது என்று நினைக்கிறேன்.

தமிழாசிரியரை நெருங்கித் தொடும் மற்றொன்றும் உண்டு. சிங்கப்பூர்ப் பள்ளியின் இரு பிரிவுகளும் ஆங்கிலத்தையும் சீனத்தையும் சார்ந்தவை. மலேசியாவில் 1978இல் பள்ளிகளுக்கென வகுத்த கைக்குறி முறை மலாய் மொழியைத் தழுவியது. எனவே இவ்விரு நாட்டிலும் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த காது கேளாப் பிள்ளை, தமிழெழுத்தை அறியும் வாய்ப்பை இப்பள்ளிகளால் பெறவில்லை. தாய் தமிழ் பேசுவாள். பிள்ளை மலாய் எழுத்தும் சைகையும் அறியும். அடுக்களையில் இருவருக்கும் இடையே எந்த மொழி? வீட்டுக்குள் தாமே வகுத்துக்கொண்ட நாலைந்து குறிப்புகளே. பசியையும் காய்ச்சலையும் அவற்றால் சொல்லிவிடலாம். பாட்டியின் கதையைச் சொல்ல முடியாது. பெற்றோர் சைகை மொழி கற்பதே இதற்கு அண்மையிலுள்ள வழி. சங்கங்கள் அதற்கு வகுப்புகள் நடத்துகின்றன. நம் தமிழமைப்புகள் அவற்றைப் பற்றி எத்தனை முறை அறிவிப்புச் செய்தன என்பதை அந்தந்த அமைப்பின் செயலாளரே சொல்ல வேண்டும்.

2010ஆம் ஆண்டு சூலைத் திங்களில் கனடாவின் வான்கூவர் நகரில் காது கேளாதோர் கல்விபற்றிய அனைத்துலக மாநாடு மீண்டும் கூடியது. மிலானில் கூடிய அதே மாநாட்டு வரிசையில் இருபத்தொன்றாவது. மிலான் தீர்மானங்கள் அனைத்தையும் தாம் மறுப்பதாகவும், அவற்றால் விளைந்த தீங்குக்கு வருந்துவதாகவும் அதனை நடத்தியோர் அறிவித்தனர். இடையே 130 ஆண்டுகள் கழிந்திருந்தன.

பினாங்கு, தஞ்சோங் பூங்காவில் 1954இல் கூட்டரசுக் காது கேளாதோர் பள்ளி திறக்கப்பட்டது. மலாயா முழுவதிலுமிருந்து பல இனத்துப் பிள்ளைகள் அங்கே வந்து விடுதியில் தங்கிப் பயின்றனர். வகுப்பறையில் மிலான் சட்டமே நடந்தது. வாய்ப்பேச்சு ஒன்றே கற்பிக்கும் வழி. ஆனால் மணி அடித்துப் பிள்ளைகள் விடுதிக்குத் திரும்பியபின் கைகள் பேசத் தொடங்கின. யாரும் கற்பிக்கவில்லை, பெரிய பிள்ளைகளிடமிருந்து சிறியவர் கண்டு பழகினர். ஆண்டுக்காண்டு அது வளர்ந்து பினாங்குச் சைகை மொழி என்று பின்னர் ஆய்வாளர் பெயரிட்டுக் குறிக்கும் அளவுக்கு நிலைத்தது. டெலோஜ் பாரிசில் கண்டதை மலாயாப் பிள்ளைகள் விடுதி அறைகளில் மீண்டும் செய்து காட்டினர். கோலாலம்பூர்ப் பகுதியில் அமெரிக்கச் சைகையின் சார்பு மிகுந்த மற்றொரு வழக்கு வளர்ந்தது. மலேசியக் காது கேளாதோர் சம்மேளனம் 1997இல் அமைந்தது. 2008இல் நாடாளுமன்றம் இயற்றிய உடற்குறையுடையோர் சட்டம், மலேசியச் சைகை மொழியைக் காது கேளாதோரின் அதிகாரமுறை மொழியாக அரசு ஏற்கும் என்று கூறுகிறது. 1954இல் எட்டு வயதில் அவ்விடுதிக்கு வந்த பிள்ளைக்கு, அச்சட்டம் வந்த ஆண்டில் வயது 62.